செருப்பு மிதந்த விஜயதசமி

அத்தியாயம் 14

அஸ்தினாபுரத்தில் அந்த வீட்டுக்கு வழி சொல்வது ரொம்பச் சுலபம். "போட் நிக்கிற வீடு" என்றால் போதும். ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

விஜயதசமி காலையில் அந்தப் படகு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. டிரெய்லரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எஞ்சின் மூடியில் சந்தனம், குங்குமம். முன்மூக்கில் சாமந்தி மாலை. எதிர்வீட்டுக் கனகவல்லி கோலம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொன்னாள்.

"கீதா, டிசம்பர்ல தெருவுல தண்ணி வந்தா முதல் டிரிப் எங்களுக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்!"

"ஏத்திக்கிட்டாப் போச்சு. சில்லறை மட்டும் சரியா கொண்டாங்க," என்றாள் கீதா, கையில் காப்பி டம்ளரோடு.

உள்ளே பூஜை அறையில் ரேஷ்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஜூன் மாதம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். முன்னால் நேற்று வைத்த ஆயுத பூஜை சாமான்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் பாதி, எந்த வீட்டுப் பூஜையிலும் பார்க்க முடியாதவை. இரண்டு ஜோடி ஸ்கீ கட்டைகள். மஞ்சள் கயிறு, அதன் நுனியில் கைப்பிடி. மூன்று லைஃப் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் பொட்டு.

அடுக்கி வைத்தவள் ரேஷ்மாதான். படப்பையில் அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். அப்பா துரை ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறார். ஒரகடம் ரோட்டில் படுத்துவிட்ட லாரிகளைக் கட்டி இழுத்து வருவது அவர் தொழில். ஆயுத பூஜை அன்றைக்கு அவர் வண்டியில் இருக்கிற கொக்கி, செயின், போல்ட், நட்டு எல்லாம் கீழே இறங்கிக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். நேற்று காலையில்கூட போன் செய்திருந்தார்.

"இன்னாம்மா, பூஜைக்கு ரெடியா? ஒரு ஐட்டம் வுடாத. வுட்ட ஐட்டம்தான் வருசம் பூரா பேஜார் பண்ணும், பாத்துக்க."

அப்பா பேச்சைத் தட்டாத பெண். படகை ஒரு சுற்று சுற்றிவந்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினாள். கடைசியாகப் படகின் பின்பக்கம், அடியில் இருந்த ப்ளக்கும் அவள் கண்ணில் பட்டது.

இந்த ப்ளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓட்டி முடித்துப் படகை டிரெய்லரில் ஏற்றினால், உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிவதற்கு அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதை மூடுகிற பித்தளைத் திருகுதான் ப்ளக். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ரேஷ்மா அதைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தாள். தங்கம் மாதிரி பளபளவென்று வந்தது. குங்குமம் இட்டு சரஸ்வதியின் காலடியில் வைத்தாள். நமக்கெல்லாம் புத்தகம், இவர்களுக்கு ப்ளக், அவ்வளவுதான் வித்தியாசம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடிகிறவரை தொடக்கூடாது. இப்போது முடிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தவள், ப்ளக்கை நோக்கிக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் ஷ்யாம்சுந்தர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு நல்ல நாள். தண்ணிக்குப் போலாம்னு இருக்கேன்."

"சரி மாமா."

"ஸ்கீ பண்ணலாம்னு இருக்கேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஓட்டுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. காதில் விழுந்தது நிஜம்தானா என்று ரேஷ்மாவுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் "ஸ்ரீ! ஸ்ரீ! எந்திரி!" என்று கத்திக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினாள், தூங்கிக்கொண்டிருந்த புருஷனை உலுக்கி எழுப்பிச் சொல்வதற்கு.

பின்னே ஓட மாட்டாளா? இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு என்பது நமக்குத் தெரியுமே. இன்சூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆன ஷ்யாம்சுந்தர், ஐம்பத்தொன்பது வயதிலும் காலில் கட்டையை மாட்டி, படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கிப் போகிற மனிதர். கீதா படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அவர் நிற்கிறாரா விழுந்தாரா என்று ஓட்டுகிறவருக்குச் சொல்கிற ஆள். மகன் ஸ்ரீரங்கனுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. அவன் கரையில் இட்லி டப்பாவுக்குக் காவல். ஓட்டுகிற வேலை மகள் சின்மயியுடையது.

அந்தச் சின்மயி மே மாதம் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஷ்யாம்சுந்தர் கட்டையைத் தொடவில்லை. வேறு யாரையாவது வைத்து ஓட்டினால் என்ன என்று ஸ்ரீரங்கன் ஒருநாள் கேட்டான். "கயித்தோட மறுமுனையில இருக்கிறது என் உயிருடா," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். 

அடுத்த மாதம் காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்த ரேஷ்மாவுக்கு அந்த வீட்டில் எல்லாம் கிடைத்தது. மாமியாரின் பிரியம் கிடைத்தது. மாமனாரின் மரியாதையும் கிடைத்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. பாலிசி எடுக்க வந்தவரிடம் பேசுவது மாதிரி வாங்க, உட்காருங்க என்பார். கிடைக்காதது அந்தப் படகில் ஒரு இடம். சில ஞாயிறுகளாக, பின்னால் யாரும் இல்லாத வெறும் படகை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்குத் தன்னையே கயிற்றில் கட்டிக்கொடுக்கிறார். இதில் தேறினால் அவள் இந்த வீட்டுக்காரி. தவறினால் மறுபடி பாலிசிதாரர்.

இந்தச் சந்தோஷத்தில் ப்ளக்கை மறந்தாள்.

அவள் மாடியில் இருந்தபோது கீதா பூஜை அறையைச் சுத்தம் செய்ய வந்தாள். குத்துவிளக்கைப் பாகம் பாகமாகத் திருகிக் கழற்றினாள். பக்கத்தில் மரையோடு, பளபளவென்று, குங்குமத்தோடு இன்னொரு பித்தளைச் சாமான். விளக்குடையதுதான் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, பரணில் போட்டுவிட்டு, இட்லி ஊற்றப் போனாள்.

*

பொலேரோ படகை இழுத்துக்கொண்டு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்தது. வழியெல்லாம் வாழைக்கன்று கட்டிய பஸ்ஸும் வேனும் டூவீலரும்தான். ஆனாலும் வாழைக்கன்று கட்டிய படகைப் பார்த்து எல்லோரும் ஒரு தரம் திரும்பத்தான் செய்தார்கள். ஒரு பைக்கில் மூன்று பையன்கள் "தலைவா, கப்பலா!" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

கோவளம் தாண்டி, உப்பங்கழி ஓரமாக ஜெர்சன் என்பவருடைய இடம். படகை இறக்குவதற்குச் சரிவாக சிமென்ட் போட்டு வைத்திருக்கிறார். காற்று இன்னும் கிளம்பவில்லை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த பாயசம் மாதிரி அசையாமல் கிடந்தது. இப்படித் தண்ணீர் கிடைத்தால் ஷ்யாம்சுந்தருக்கு இருப்புக்கொள்ளாது. 

டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் வேலை முதல் ஞாயிறிலிருந்தே ரேஷ்மாவிடம் வந்துவிட்டது. ஷ்யாம்சுந்தர் எடுத்தால் அது ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டு நிற்கும். அவள் கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே மாமனார் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார்.

"கயிறு?"

"பார்த்தாச்சு. ஒரு பிசிறு இல்லை," என்றாள் கீதா. போன வாரம் அந்தக் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் மாடிப்படிக்கு அடியில் காயப்போட்டவள் அவள்தானே.

"பெட்ரோல்?"

"ஃபுல்லுப்பா," என்றான் ஸ்ரீரங்கன், தண்ணீருக்குப் பத்தடி தள்ளி நின்று.

"ப்ளக்?" என்று கேட்ட ஷ்யாம்சுந்தர், பதிலையும் தானே சொல்லிக்கொண்டார். "ப்ளக்கை நான்தான் போட்டேன். போன வாரம் கழுவினப்பவே போட்டுட்டேன்."

ரேஷ்மா வண்டிக்குள் இருந்தாள். எஞ்சின் சத்தத்தில் அவள் காதில் எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் இந்த வாரக் கதையே வேறு.

படகு தண்ணீரில் இறங்கியது. கீதா செருப்பைக் கழற்றிப் படகின் பின்மூலையில் ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். "நேத்துதான் பூஜை பண்ணியிருக்கு. செருப்புக்காலோட மிதிக்கக்கூடாது," என்றாள். செருப்பு படகுக்குள் இருக்கலாம், காலில் இருக்கக்கூடாது. அது அவள் கணக்கு.

ஷ்யாம்சுந்தர் ஷாம்பு பாக்கெட்டைக் கடித்துப் பிரித்து, கட்டையில் இருந்த ரப்பர் உறைக்குள் ஊற்றினார். இல்லாவிட்டால் கால் உள்ளே போகாது. அதற்குள் காலைத் திணிப்பதற்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. ஐந்து மாதத்தில் கால் மறந்துவிட்டதோ என்னவோ. ஒரு வழியாகத் தண்ணீரில் குதித்து, கைப்பிடியைப் பிடித்து, கட்டைகளின் நுனி மேலே தெரிய உட்கார்ந்த நிலையில் மிதந்தார்.

ரேஷ்மா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, எஞ்சினை அணைக்கிற சிவப்பு வாரைத் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டாள். கயிறு மெல்ல இறுகியது.

"ரைட்!" என்று பின்னாலிருந்து மாமனார் குரல் வந்தது.

"போலாம் ரைட்!" என்றாள் கீதா, பஸ் கண்டக்டர் தோற்றுப்போகிற மாதிரி.

ரேஷ்மா ஆக்ஸிலரேட்டரைத் தள்ளினாள். படகின் மூக்கு மேலே தூக்கியது. தூக்கியது, தூக்கியது, தூக்கியபடியே நின்றது. வேகம் பிடிக்கவில்லை. பின்னால் ஷ்யாம்சுந்தர் எழுந்திருக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கொஞ்ச தூரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்து, கையை விட்டார்.

"விழுந்தாச்சு!" என்றாள் கீதா.

சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நிறுத்தினாள் ரேஷ்மா. அவர் மூக்கைச் சிந்தினார். முகம் சிவந்திருந்தது.

"பயந்து பயந்து கொடுக்கறீங்க. இது என்ன லாரியா, உருட்டி உருட்டி எடுக்க? ஒரே தள்ளா தள்ளணும். சின்மயின்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தினால் என்ன, மீதி ரேஷ்மாவுக்குக் கேட்டுவிட்டது. தள்ளியது ஒரே தள்ளுதான். அவளுக்குத் தெரியும். இழுவை என்றால் என்னவென்று தெரியாதவளா அவள்? அப்பா வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டி இழுக்கிற லாரி காலியா பாரமா என்று சத்தத்தை வைத்தே சொன்னவள். இந்தப் படகு போன ஞாயிறு மாதிரி இல்லை.

"அத்தே, வண்டில லோடு கீது," என்றாள் மெல்ல. பதற்றம் வந்தால் படப்பை வந்துவிடும் அவளுக்கு.

"லோடா? உங்க மாமாதான் லோடு. ரிட்டயர் ஆனதிலேர்ந்து ஆறு கிலோ ஏத்தியிருக்கார்," என்றாள் கீதா. "கவலைப்படாம எடு."

"ரைட்!"

"போலாம் ரைட்!"

இந்தத் தடவை ஆக்ஸிலரேட்டரைக் கடைசிவரை தள்ளினாள். எஞ்சின் அலறியது. மூக்கு மேலே போனது. ரேஷ்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ஏறு ஏறு என்று முணுமுணுத்தாள். படகு ஒரு முக்கு முக்கி, மெல்ல மூக்கைத் தாழ்த்தி, தண்ணீர்மேல் ஏறி ஓட ஆரம்பித்தது.

"நின்னுட்டார்! ரேஷ்மா, நின்னுட்டார்டி!" கீதா உட்கார்ந்த இடத்தில் குதித்தாள். 

ரேஷ்மா கண்ணாடியில் பார்த்தாள். மாமனார் நிமிர்ந்து நின்றிருந்தார். முழங்கால் மடங்கி, கை நீண்டு, தலைமுடி பின்னால் பறக்க, ஒரு பையனைப் போல வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வந்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தன்னால்தான் அந்தச் சிரிப்பு என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு கையை விட்டுக் கட்டைவிரலை மேலே காட்டினார். இன்னும் வேகம் என்று அர்த்தம்.

கீதாவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"ரேஷ்மா."

"சொல்லுங்க அத்தே."

"என் செருப்பு மிதக்குது."

ரேஷ்மா ஒரு கணம் திரும்பினாள். பின்மூலையில் ஒரு வாளிக்கு மேலேயே தண்ணீர் இருக்கும். அதில் கீதாவின் செருப்புகள் இரண்டும் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தன. மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்திப்பூ ஒன்று கூடவே சுற்றியது. தண்ணீரின் நிறம் லேசாகக் குங்குமச் சிவப்பு.

குங்குமத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரஸ்வதியின் காலடி. நீட்டிய கை. "நீங்க ஓட்டுங்க."

"ஐயோ! ப்ளக்கு!"

"என்ன ப்ளக்கு?"

"போடல அத்தே. பூஜைல வெச்சேன். எடுக்கல."

"நிறுத்து! நிறுத்துடி முதல்ல!"

யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ரேஷ்மாவின் கையும் ஆக்ஸிலரேட்டரை இழுக்கத்தான் போனது. ஆனால் கண் இன்னொன்றைப் பார்த்துவிட்டது. சற்று முன் ஆடிக்கொண்டிருந்த செருப்பில் ஒன்று இப்போது தரை தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் குறைகிறது. வேகமாக ஓடினால், வந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் வெளியே வடிகிறது. நின்றால் உள்ளே வரும். இவ்வளவு நேரம் மாமனாருக்காகக் காத்துக்கொண்டு நின்றபோதெல்லாம் வந்த தண்ணீர்தான் இது. அதுதான் அந்த லோடு.

"நிறுத்த மாட்டேன் அத்தே. நின்னா ரொம்பிடும். ஜெர்சன் அண்ணன் இடத்துக்கு நேரா போறேன். மாமாவை விழாம வரச் சொல்லுங்க. நடுவுல விழுந்தா அவரைத் தூக்க நாம நிக்கணும்."

கீதா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. படகில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் சைகைதான். தலையில் தட்டிக் காட்டினால் கரைக்குத் திரும்பலாம் என்று அர்த்தம். கீதா தன் தலையில் படபடவென்று தட்டிக்கொண்டாள்.

ஷ்யாம்சுந்தர் தலையை ஆட்டினார். மாட்டேன். ஐந்து மாதம் கழித்து நின்றிருக்கிறேன், அதற்குள் என்ன கரை? மறுபடி கட்டைவிரலை உயர்த்தினார்.

கீதா இரண்டு கையாலும் தட்டிக்கொண்டாள். கரையிலிருந்து பார்த்த ஸ்ரீரங்கனுக்கு, நல்ல நாளும் அதுவுமாக அம்மா எதற்குத் தலையில் அடித்துக்கொள்கிறாள் என்று கதிகலங்கியது.

"முப்பது வருஷம்! முப்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் நான் சொன்னதைக் கேட்டிருக்காரா?" கீதாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. குனிந்தாள். கையில் அகப்பட்டதை எடுத்து, அவர் கண்ணில் படும்படி உயரத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு செருப்பு.

படகில் தண்ணீர் என்று காட்டத்தான் அவள் தூக்கினாள், பாவம். பார்த்தவர் அப்படியா எடுத்துக்கொள்வார்? கட்டின பெண்டாட்டி, பட்டப்பகலில், ஊரறிய, தன்னைப் பார்த்துச் செருப்பைத் தூக்குகிறாள். ஷ்யாம்சுந்தரின் கட்டைவிரல் தானாகவே மடங்கியது. சிரிப்பு மறைந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சமர்த்தாக நேரே வந்தார்.

ரேஷ்மா கரையோரமாகப் படகை வளைத்தாள். இடுப்பளவுத் தண்ணீர் இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். அங்கே வந்ததும் கீதா, விடுங்க என்று கையை வீசினாள். அவர் விட்டார். மெல்ல வழுக்கி, மெல்ல அமிழ்ந்து, காலை ஊன்றி நின்றார். திரும்பிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் ரேஷ்மா கடைசி வேலையைச் செய்தாள். வேகத்தைக் குறைத்து, எஞ்சினை அணைத்து, அதைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கும் பொத்தானை அழுத்தினாள். வந்த வேகத்திலேயே படகு மணலில் சரசரவென்று ஏறி நின்றது.

அப்புறம்தான் அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

*

படகின் பின்னாலிருந்து, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, சிவப்பு கலந்த தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்ரீரங்கன் கையில் இட்லி டப்பா அப்படியே இருந்தது.

யாரும் கேட்பதற்கு முன்னால் ரேஷ்மாவே சொன்னாள்.

"நான்தான் மாமா. பளபளன்னு தேய்ச்சுப் பூஜைல வெச்சேன். காலைல எடுக்கப் போனேன். நீங்க ஓட்டச் சொன்னீங்களா, சந்தோஷத்துல மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"ஐயையோ!" கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். "அது ப்ளக்கா? விளக்கோட சாமான்னு நெனச்சு நான்ல துணியில சுத்தி வெச்சுட்டேன்!"

ஷ்யாம்சுந்தர் போய்க் குனிந்து, அந்த வெற்று ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். படகின் அடியைச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. எழுந்து வந்தவர் மனைவியைப் பார்த்து, "எல்லாம் சரி. செருப்பு எதுக்கு?" என்றார்.

"தண்ணி இருக்குன்னு காட்டினேன்!"

"நான் வேற மாதிரி நெனச்சேன்."

"நெனப்பீங்களே."

ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேஷ்மாவுக்கு வரவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஜாக்கெட்டில் மாட்டியிருந்த சிவப்பு வாரைக் கழற்றி மாமனாரிடம் நீட்டினாள். இனி இது தனக்கு இல்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அவர் அதை வாங்கவில்லை.

"தண்ணியைப் பார்த்ததும் ஏன் நிறுத்தலை?"

"நின்னா ரொம்புது, ஓடினா வடியுது மாமா. அதோட நீங்க பின்னாடி இருந்தீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டி இழுத்துட்டு வர்ற வண்டியை எங்கப்பா நடுரோட்டுல வுட்டுட்டு வரவே மாட்டாரு."

ஷ்யாம்சுந்தர் படகின் பக்கம் திரும்பினார்.

"ஓட்டறவங்க கையாலதான் ப்ளக் போடணும்னு சட்டம் வெச்சவன் நான்," என்றார். "இத்தனை ஞாயித்துக்கிழமையா உங்ககிட்ட சாவியைக் கொடுத்தேன். ப்ளக்கைக் கொடுக்கலை. அது சின்மயியோடதுன்னு மனசுக்குள்ள வெச்சுட்டிருந்தேன் போல. கொடுத்திருந்தா உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்." 

பிறகு ஸ்ரீரங்கனைப் பார்த்து, "டப்பாவைத் திறடா, பசிக்குது," என்றார்.

இட்லி ஆறிப் போயிருந்தது. மிளகாய்ப்பொடி தூக்கலாக இருந்தது. ரேஷ்மா ஐந்து சாப்பிட்டாள்.

*

சாயங்காலம் படகைக் கழுவி, கயிற்றை அலசி, ஜாக்கெட்டுகளை மாடிக்கொடியில் போட்டு முடித்தார்கள். கீதா பரணிலிருந்து துணிமூட்டையை இறக்கி ஹாலில் பிரித்தாள். விளக்கின் தட்டு, தண்டு, உச்சி. நடுவில் குங்குமப் பொட்டோடு ப்ளக்.

ஷ்யாம்சுந்தர் அதை எடுத்தார். உள்ளங்கையில் ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். ரேஷ்மாவின் கையில் வைத்தார்.

"கழுவிட்டுப் போடு. குங்குமம் இருந்தா மரை பிடிக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ரேஷ்மா தலையாட்டினாள்.

அப்போதுதான் ஸ்ரீரங்கனின் போன் அடித்தது. "அக்கா!" என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், அப்பா இருக்காரா?" சின்மயியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்பா, நாளைக்கு சாயந்திரம் ஃப்ளைட். வீட்டுக்கு வரேன்."

"அடடே, வாங்க வாங்க! மாப்பிள்ளைக்கு லீவு கிடைச்சுதா?" என்றாள் கீதா.

"நான் மட்டும்தான் வரேன்மா. எவ்வளவு நாள்னு யாரும் கேக்காதீங்க." "அப்பா, ஞாயித்துக்கிழமை தண்ணிக்குப் போலாமா? நான் ஓட்டறேன். ப்ளக் பத்திரமா இருக்குல்ல? யாரும் தொடலையே?"

ரேஷ்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு ப்ளக்கை மாமனாரிடம் நீட்டினாள்.

ஷ்யாம்சுந்தர் அவள் விரல்களை அதன்மேலேயே மடக்கி மூடினார். போன் பக்கம் குனிந்தார்.

"நீ முதல்ல வாம்மா. உன் ரூம் அப்படியே இருக்கு. ப்ளக் ரேஷ்மாகிட்ட இருக்கு."

"சரிப்பா," என்றாள் சின்மயி. அந்த ஒரு வார்த்தையிலேயே மகள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று கீதாவுக்குத் தெரிந்துபோயிற்று. ப்ளக்குக்காக இல்லை என்பதும் தெரிந்தது.